ஒயின் திராட்சை ரொட்டி

அறுபதை நெருங்கும் வயதில் எனக்குத் திடீரென்று கைப்பக்குவம் வந்துவிட்டதாக எங்கள் தெரு நம்பியது. மனைவி இருந்தவரை அடுப்படிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன் நான். அவள் போன பிறகு டீக்கடையில் மீன்சாறு ஊற்றித் தரும் மொஹிங்கா நூடுல்ஸில் காலத்தை ஓட்டியவன். அப்படிப்பட்டவன் வெள்ளைக்காரன் ரொட்டி சுடுகிறேன் என்றால் நம்பிவிடுகிற ஜனங்களை என்ன சொல்ல?

சுட்டது என் மகன். ரங்கூனில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு ஓட்டலில் சமையல்காரனாக இருந்தான். ஓட்டலை மூடியபோது அங்கிருந்த சின்ன கேஸ் ஓவன் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தான். பிறகு பட்டாளத்துக்கு வாலிபப் பிள்ளைகளைப் பிடிக்கும் சட்டம் வந்தது. தாய்லாந்து போய்விட்டான் என்று தெருவில் சொல்லிவிட்டு, மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் தண்டவாளத்தை ஒட்டிய எங்கள் வீட்டுப் பின்னறையில் அவனை வைத்துக்கொண்டேன். ஜன்னல் திறப்பதில்லை. இருமல் வந்தால் ரயில் வரும்வரை அடக்கி வைத்திருந்து, அந்தச் சத்தத்தில் இருமுவான்.

சும்மா இருடா என்று எவ்வளவோ சொன்னேன். சமைக்கவும் கூடாதென்றால் பைத்தியம் பிடித்துவிடும் என்றான். மழைக்காலத்தில் ஷான் மலை சிவப்பு ஒயினில் ஆட்டுக்கறியை மெல்ல வேகவைப்பான். குளிர் வந்ததும் ஸ்ட்ராபெரியை வெண்ணெய் மாவில் அடுக்கிச் சுடுவான். எல்லாப் பருவத்துக்கும் பொதுவாக ஒரு உருண்டை ரொட்டி உண்டு. ஒயினில் ஊறிய திராட்சை போட்டு, ஜாடியில் வளர்த்த புளித்த மாவில் செய்வது. டீ கோப்பையில் எனக்கும் கொஞ்சம் ஒயின் ஊற்றி வைப்பான். இருட்டில் உட்கார்ந்து அப்பனும் மகனும் சாப்பிடுவோம். பயத்தோடு சாப்பிட்டாலும் ருசியாகத்தான் இருந்தது.

கறி வாசம் வீட்டோடு நின்றுவிடும், ரொட்டி வாசம் நிற்காது. எதிர்வீட்டுப் பெண் ஒருநாள் வாசலில் நிறுத்தி, யார் சுடுவது என்று கேட்டாள். அவள் புருஷன் பட்டாளத்துக்குப் பேர் எடுக்கும் வார்டு ஆபீசில் எழுத்தர். நான்தான் என்றேன். இந்த வாய் சும்மா இருந்ததா? நன்றாக இருக்கும் என்று வேறு சேர்த்துக்கொண்டது. மறுநாள் ஒரு ரொட்டி கேட்டாள். பிறகு தெருவே கேட்டது. இல்லை என்றால் சந்தேகம் வரும். ஞாயிறுதோறும் அவன் சுட்டான், நான் விற்றுப் பாராட்டு வாங்கினேன். அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பான்.

ஒரு பிற்பகலில் அவள் கையில் மாவுப் பையோடு வந்தாள். எப்படிச் செய்வது என்று பார்க்க வேண்டும் என்றாள். அடுப்படியில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தும் விட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை. நான் தண்ணீரை அதிகம் ஊற்றினேன். மாவு முழங்கை வரை ஒட்டியது. திராட்சையை எடுத்துக்கொண்டு ஊறிய ஒயினைத் தொட்டியில் கொட்டினேன். அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து கிட்டே வந்தாள்.

"அண்ணே, நாளைக்கு வீடு வீடா ஆள் பாக்க வாராங்க. ரொட்டி சுடுற புள்ளய இன்னைக்கே அனுப்பிருங்க."

அவள் போனதும் அவன் பையை எடுத்தான். அழக்கூட நேரமில்லை. ஆற்றுக்கு அக்கரை டாலாவுக்குப் போகும் படகில் கூட்டத்தோடு ஏறி, அங்கிருந்து யாரோடோ போவதாக ஏற்பாடு. வாசலை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினான்.

"ஒயினக் கொட்டாதீங்கப்பா. அதுலயே மாவப் பிசைங்க."

அதன் பிறகு எந்தத் தகவலும் இல்லை. படகேறினானா, படகுத்துறையிலேயே பிடித்துவிட்டார்களா, தெரியாது. விசாரிக்கவும் முடியாது. தாய்லாந்தில் இருப்பவனை ரங்கூனில் எப்படித் தேடுவது?

அவன் போன அன்றோடு ரொட்டியும் நின்றால் தெருவுக்கு விஷயம் புரிந்துவிடும். எனக்கும் ஆபத்து, முன்கூட்டியே வந்து சொன்னவளுக்கும் ஆபத்து. அதனால் சுட்டேன். கல்லைப் போல வந்தது. மாவு சரியில்லை, கேஸ் சரியில்லை என்று மழுப்பினேன். அவள் மட்டும் ஞாயிறு தவறாமல் வாங்கி, வாசலில் நின்றே பிய்த்துத் தின்று, எப்போதும் போலவே இருக்கிறது என்று நாலு பேர் காதில் விழும்படி பர்மிய பாஷையில் சொல்லிவிட்டுப் போவாள். அந்தக் கல்லை எப்படி விழுங்கினாளோ.

அவன் சொன்னபடி ஒயினில்தான் பிசைந்தேன். மாவுதான் என் பேச்சைக் கேட்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கேட்டது. ரொட்டி உப்பி, மேலே வெடித்து, அவன் சுட்ட மாதிரியே வந்தது. வாசம் தெருவுக்குப் போனது.

அவள் வாசலில் நின்று ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டாள். மென்றவள் நிறுத்தினாள். வழக்கமாகச் சொல்வதைச் சொல்லவில்லை. உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். அவள் கண் பின்னறைப் பக்கம் போனது.

"புள்ள வந்துட்டானா அண்ணே?"

நான்தான் சுட்டேன் என்றேன். அன்றைக்கு அவளிடம் சொன்ன அதே பதில். பொய்யாக இருந்தபோது என் பிள்ளை உள்ளே இருந்தான்.