ஜெயசித்ராவின் மிஷின்

கரிக்கலாம்பாக்கத்து ஜெயசித்ராவுக்குத் தெரிந்த வேலை நாற்று நடுவது ஒன்றுதான். நட்ட வயலெல்லாம் மனைகளாகிவிட, கிருமாம்பாக்கத்தில் கடலூர் ரோட்டோரம் இருந்த ஒரு மாணவிகள் விடுதிக்குப் பாத்திரம் கழுவப் போனாள். பதினோரு வருஷம். போன தை மாதம் அங்கே தட்டு கழுவும் மிஷின் வந்தது. கழுவிக்கொண்டிருந்த மூன்று பேரில் இரண்டு பேரை அடுத்த வாரமே நிறுத்திவிட்டார்கள். பத்தாவது படித்தவள் என்று பொத்தான் அமுக்க ஜெயசித்ராவை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மிஷின் ஓடுகிறவரைதான் தன் வேலையும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

எட்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மிஷினில் தண்ணீர் ஏறவில்லை.

விளக்கு எரிகிறது, உம்மென்று உறுமுகிறது, உள்ளே ஒரு சொட்டு இல்லை. கதவைத் திறந்து மறுபடி அடித்துச் சாத்தினாள். சுவர்க் குழாயைத் திருகிப் பார்த்தாள். முழுக்கத் திறந்துதான் இருந்தது. டியூப் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று இடுக்கில் கைவிட்டுத் தடவினாள். மடங்கவில்லை. மிஷினின் காலில் விழாத குறை. இருநூறு தட்டுகள் சாம்பாரோடு காய்ந்துகொண்டிருந்தன.

மெஸ் மேற்பார்வையாளர் புகழேந்தி வந்தார்.

"இன்னாமா பண்ணி வெச்ச? மெக்கானிக் நாளைக்குத்தான் வருவானாம். உன்னாலதான் கெட்டுச்சின்னு அவன் சொன்னான்னா, நீ வூட்டோட இருந்துக்க."

"நான் ஒண்ணும் பண்ணல சார்," என்றாள்.

மதியத்துக்குத் தட்டு வேண்டுமே. நிறுத்தப்பட்டவர்களில் ஒருத்தியான தனக்கொடிக்கு அவர் போன் போட்டார். பாகூரிலிருந்து பஸ் பிடித்து ஓடி வந்தவள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தட்டுகளோடு உட்கார்ந்தாள்.

"நல்லா பண்ற. ஞாயித்துக்கெழமைல வந்துனு இரு," என்றார் புகழேந்தி. வேலையில்லாமல் வாடியிருந்த தனக்கொடியின் முகம் மலர்ந்துவிட்டது.

ஜெயசித்ரா குழாயை மூடிவிட்டு டியூபையே திருகிக் கழற்றினாள். குழாய் வாயில் ஒரு துணி, செந்துரு ஏறிச் சேறாக அடைத்துக்கொண்டிருந்தது.

அவள் வைத்த துணிதான். போர் தண்ணீரில் துரு வருகிறதென்று அந்தப் பக்கத்து வீடுகளில் குழாய்க்குத் துணி கட்டுவார்கள். புது மிஷினுக்குள் துரு போய்விடக் கூடாதே என்று, வந்த அன்றே பழைய சேலையைக் கிழித்து இரண்டாக மடித்து வைத்து, மேலே டியூபை மாட்டியிருந்தாள். அன்று கூடமாட நின்று உதவியவள் தனக்கொடி. பிறகு துணி கண்ணுக்குத் தெரியாததால் ஜெயசித்ரா மறந்தே போனாள்.

துணியை உருவிவிட்டு டியூபை மாட்டியதும் தண்ணீர் சடசடவென்று ஏறியது. திரும்பினால் புகழேந்தி நிற்கிறார்.

"இந்தத் துணிய யாரு சொருவுனது?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். நல்ல எண்ணத்தில் செய்ததுதானே. ஆனால் பயம் அவளைச் சொல்லவிடவில்லை.

"தனக்கொடி அக்கா இருந்தப்ப வெச்சது சார்."

அவர் தனக்கொடி பக்கம் திரும்பினார். "போறப்பகூட ஒழுங்கா போவலியா நீ? ஞாயித்துக்கெழமையும் வாணாம், கெளம்பு."

தனக்கொடி மீதியிருந்த தட்டுகளையும் தேய்த்து, அலசி, கவிழ்த்து வைத்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு ஜெயசித்ராவிடம் வந்தாள்.

"அப்பப்ப கழட்டிப் பாருடி. மறுபடியும் அடைச்சிக்கிச்சின்னா, பழி போட நான் இங்க இருக்க மாட்டேன்."