அம்மாவின் பட்டன் போன்

சங்கரன்கோவில் கடையில் அம்மாவுக்காக விலை குறைந்த பட்டன் போன் ஒன்று வாங்கினேன். திரை சின்னது, கேமரா சுமார். பட்டன்கள் மட்டும் நல்ல புடைப்பு. அவற்றில் விரல் பட்டதும், சின்ன வயதில் பள்ளி விட்டு நேரே நான் ஓடும், அம்மா வேலை பார்த்த தறிக்கூடம் நூலுக்குப் போடும் கஞ்சி மணத்தோடு நினைவில் வந்துவிட்டது.

விசைத்தறி இரைச்சலில் போன் பேச முடியாது. ஓடும் நூலிலிருந்து கண்ணெடுக்காமல், பட்டன்களைத் தடவியே சவூதியிலிருந்த அப்பாவுக்கு அம்மா மெசேஜ் அனுப்புவாள். ஒருகட்டத்தில் பதில் நின்றுபோனது. அவள் நிறுத்தவில்லை.

“பதிலே வரலியேம்மா?”

“அங்கன டவர் கெடைக்கலியா இருக்கும்ட்டி.”

அப்பா திரும்பவே இல்லை.

வீட்டில் அம்மா புதுப் போனைப் பார்க்காமலே தடவினாள். “நல்லா இருக்குட்டி. உங்கப்பா நம்பரையும் ஏத்திரு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் ஏற்றினேன். அந்த நம்பர் எனக்கும் மனப்பாடமாக இருந்தது.