ஹந்தானையில் இடதா, வலதா?

நேற்றுப் பின்னேரம் ஹந்தானை மலையில் வழி தவறினோம்!

(பயப்படாதீர்கள், வீட்டில் இருந்துதான் எழுதுகிறேன்.)

காலையில் கண்டி டவுனில் மகள் திவ்யாவுக்கு வரைபட வகுப்பு. அவளுக்குப் பதினொரு வயது. விட்டுவிட்டு மார்க்கெட் போகலாம் என்று கிளம்பினேன். "நீங்களும் இருந்து பாருங்களேன்" என்றார் டீச்சர். உட்கார்ந்தவள் இரண்டு மணித்தியாலம் எழும்பவே இல்லை!

ஒரே உயரத்தில் உள்ள இடங்களைச் சேர்த்துப் போடுவது சமவுயரக் கோடு. கோடுகள் விலகியிருந்தால் சாய்வு குறைவு. நெருங்கியிருந்தால் செங்குத்து. பள்ளிக்கூடத்தில் நானும் இதைப் பாடமாக்கி எழுதியவள்தான். ஆனால் தாளில் மலை எழும்பி நிற்பதை நேற்றுத்தான் பார்த்தேன்.

மத்தியானம் கெலிஓயாவில் உள்ள எங்கள் பலசரக்குக் கடையைப் பூட்டிவிட்டுக் கணவர் வந்தார். வகுப்பில் கொடுத்த ஹந்தானை வரைபடத்தோடு மூவருமாக மலை ஏறினோம்.

இறங்கும்போது பனிமூட்டம் மூடிக்கொண்டது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. போனில் சிக்னல் இல்லை. பாதையோ இரண்டாகப் பிரிந்தது.

"இடதுபக்கந்தான். பாதை எவ்வளவு அகலமா இருக்கு பாரு" என்றார் கணவர்.

திவ்யா வரைபடத்தை விரித்தாள். "இப்பத்தான் டிவி டவரத் தாண்டுனோம். இங்கதான் நிக்கிறோம். இடதுபக்கம் கோடெல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்குப்பா, வேணாம்."

"சின்ன வயசுல இருந்து நான் ஏறுற மலை இது!"

"ஏங்க, அவ சொல்றதக் கேளுங்க" என்றேன். (உண்மையில் எனக்கும் நிச்சயமில்லை.)

அவர் இடதுபக்கம் நடந்தார். இருபது அடி போயிருப்பார். காலில் தட்டுப்பட்ட கல் ஒன்று உருண்டது. அது கீழே விழுந்த சத்தம் மெதுவாக, எங்கேயோ ஆழத்தில் கேட்டது.

"அப்பா! அப்பிடியே பின்னால வாங்க!"

வந்தார். முகம் வெளிறியிருந்தது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

வலதுபக்கப் பாதையில் முக்கால் மணித்தியாலம். அவள் முன்னால், நாங்கள் பின்னால். தார் ரோட்டைக் கண்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. (காலில் ஏழு அட்டைகள் தொங்கியதை அப்புறம்தான் பார்த்தேன்!)

தேத்தண்ணிக் கடையில் அவர் வரைபடத்தைக் கேட்டு வாங்கினார். தேத்தண்ணி ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இவ்வளவு பெரிய மலையோட உயரத்த எப்பிடி அளந்திருப்பாங்க?"

அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை!

"வர்ற சனிக்கிழமை கிளாஸுக்கு வந்து நீங்களே கேளுங்கப்பா."

சனிக்கிழமை வரை அவருக்குப் பொறுமை இல்லை. இன்று காலையில் இருந்து கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அரிசியைப் போட்டுக்கொண்டே இதைத்தான் கேட்கிறாராம்.

தெரிந்தவர்கள் தயவுசெய்து கமெண்டில் சொல்லுங்கள். சனங்கள் வேறு கடைக்குப் போவதற்கு முன்னால்!