வைக்கோல் போரோடு போன கோழிகள்

குருவிநத்தத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அன்று செங்கமலம் பிறந்த வீட்டிலிருந்து ஒரு கருங்கால் பெட்டைக் கோழியையும் கொண்டுவந்தாள். அபிஷேகப்பாக்கத்திலிருந்து குருவிநத்தம் வரைக்கும் வண்டியில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை நடேசனுக்குப் பெண்ணை நிமிர்ந்து பார்க்க வெட்கம். அதனால் வழி முழுக்கக் கோழியையே பார்த்துக்கொண்டு வந்தான் என்று பின்னாளில் தெருவில் சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்த ஒரு பெட்டையிலிருந்து பெருகியதுதான் அவள் வீட்டுக் கோழிகள் எல்லாம். பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலம் அது. நடேசன் குத்தகைக்கு எடுத்துக் கரும்பும் நெல்லும் போட்டான். நிலம் மிராசுதாரருடையது, மாடு நடேசனுடையது, வீட்டுக் கொல்லையில் மேய்ந்த கோழிகள் மட்டும் செங்கமலத்துக்குச் சொந்தம். எது முட்டையிடுகிறது, எது அடைக்கு உட்கார்ந்திருக்கிறது, எதை விற்கலாம் என்பதெல்லாம் அவள் முடிவு. நடேசன் அதில் தலையிட்டதே இல்லை. இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்த பிறகு, வீட்டில் அவள் பேச்சுக்கு ஓடிவருகிற ஜீவன்கள் என்று அவைதான் மிஞ்சின.

ஆற்றங்கரைத் தெருவில் எல்லார் வீட்டிலும் கோழி இருந்தது. ஒரு வீட்டுக் கோழி அடைக்கு உட்கார்ந்தால் மூன்று வீட்டு முட்டைகள் அதன் வயிற்றுக்குக் கீழே போகும். யாருடையது என்று தெரிய ஒவ்வொரு முட்டையிலும் கரியால் அடையாளம் போடுவார்கள். நடவுக்குப் போனவள் திரும்ப இருட்டிவிட்டால், வீட்டிலிருக்கிறவள் போய் அவள் கூண்டையும் சாத்திவிட்டு வருவாள். வானத்தில் பருந்து வட்டமிட்டால் ஒருத்தி குரல் கொடுப்பாள். தெருவே முறத்தைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவரும்.

இவ்வளவு ஒற்றுமைக்கும் நடுவில், செங்கமலத்துக்கும் அடுத்த வீட்டு வள்ளியம்மாளுக்கும் மட்டும் ஒத்துப்போகவில்லை. காரணம் வள்ளியம்மாளின் கத்தரிப் பாத்தி. செங்கமலத்தின் கோழிகள் எந்நேரமும் அதில்தான் கிளறும். சண்டை போட்டுச் சலித்துப்போய் வள்ளியம்மாள் வேறொரு வழி கண்டுபிடித்தாள். சாயங்காலம் செங்கமலம் தவிட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "பே... பே... பேபேபே... வாங்கடியோவ்" என்று கடைசியில் ராகம் இழுத்துக் கூப்பிடுவது வழக்கம். வள்ளியம்மாள் வேலிக்குத் தன் பக்கம் நின்று அதே போல மூக்கால் இழுத்துக் கூப்பிடுவாள். தெருவே சிரிக்கும். கோழிகளும் ஏமாந்து ஓடிவரும், துடைப்பத்தால் விரட்டுவாள். செங்கமலத்துக்கு முகம் கறுத்துவிடும். மாதக்கணக்கில் பேச மாட்டாள். அப்போதும் அடைக்கோழி மட்டும் எதிர்வீட்டு விருத்தாம்பாள் கை வழியாக இரண்டு வீட்டுக்கும் போய்வந்துகொண்டுதான் இருக்கும்.

ஓர் ஐப்பசியில் மேற்கே விடாமல் கொட்டிய மழைக்குப் பெண்ணையாறு கரையை முட்டிக்கொண்டு வந்தது. மத்தியானம் தண்டோரா போட்டார்கள். கரை தாங்காது, எல்லாரும் பாகூர் சாலை மேட்டுக்குப் போய்விட வேண்டும் என்றார்கள். மாட்டை அவிழ்க்க, ஆட்டை இழுக்க, அரிசிப் பானையைத் தூக்க, பிள்ளைகளைச் சுமக்கவே கை போதவில்லை. கோழிகளை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கூண்டெல்லாம் தரையோடு கிடப்பவை.

செங்கமலம்தான் சொன்னாள். அவள் வீட்டுக் கொல்லையில் புது வைக்கோல் போர் கூரைக்கு மேல் உயர்ந்து நின்றது. "போர் மேல ஏத்திடலாங்க்கா. வூடு முழுவனாலும் போர் முழுவாது" என்றாள். நடேசன் ஏணியைச் சாத்தினான். விருத்தாம்பாள் தன் கோழிகளைக் கொண்டுவந்தாள். வள்ளியம்மாளும் வந்து ஒரு வார்த்தை பேசாமல் கூடையை மேலே நீட்டினாள். மழையில் நனைந்த கோழிகள் சிறகை ஒடுக்கிக்கொண்டு போரின் உச்சியில் ஒன்றோடொன்று நெருக்கி உட்கார்ந்தன. கால் கணுவுக்குத் தண்ணீர் வந்த பிறகுதான் செங்கமலம் கொல்லையை விட்டு நகர்ந்தாள்.

தண்ணீர் வடிந்து அவர்கள் திரும்பிவந்தபோது தெருவில் பாதிச் சுவர்கள் கரைந்து போயிருந்தன. ஆட்களுக்குச் சேதமில்லை, மாடுகளுக்கும் இல்லை. ஆனால் போர் இருந்த இடத்தில் இடுப்பளவுக்கு அடிவைக்கோல் மட்டும் சேறு அப்பிக்கொண்டு கிடந்தது. மேல்பாதி அப்படியே பெயர்ந்து ஆற்றோடு போய்விட்டது. ஒரு கோழியின் இறகுகூட அங்கே இல்லை.

யாரும் செங்கமலத்தை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. போர் மிதக்கும் என்று தனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று நினைத்து நினைத்துப் புழுங்கினாள். தன் கோழி போனால் தன் தலைவிதி என்று இருந்துவிடலாம். மற்றவர்கள் கோழியும் அல்லவா அவள் பேச்சை நம்பி மேலே ஏறியது? ஈரப் புடவையோடு ஆற்றோரம் முழுக்க அலைந்தாள். நாணல் புதர்களையும் முள்வேலிகளையும் பார்த்துப் பார்த்துக் கூப்பிட்டாள். காய்ச்சல் வந்தது. இருமல் வந்தது. தொண்டை கட்டி, கடைசியில் குரலே போய்விட்டது.

அவள் படுத்துக் கிடந்தபோது வள்ளியம்மாள் மிளகுக் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். பிறகு, "கூண்டுல வுட்டுருந்தா அங்கியே செத்துருக்கும். நீ இன்னா பண்ணுவ? கஞ்சியக் குடி" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர்கள் இருவரும் பேசியே வெகுநாளாகியிருந்தது.

ஆறு கொஞ்சம் அடங்கியதும் படகுக்காரர் சூசைநாதன் முதல் தடவையாக அக்கரைக்குப் போய்வந்தார். அக்கரை இங்கிலீஷ்காரர் சீமை. திரும்பி வந்தவர் படகைக் கட்டியதும் கட்டாததுமாகத் தெருவுக்குள் வந்து சொன்னார். கிழக்கே கொஞ்ச தூரத்தில் அக்கரைப் படுகையில், பனந்தோப்பில் ஒரு வைக்கோல் போர் ஒதுங்கியிருக்கிறது. விடிந்ததும் அதன் உச்சியிலிருந்து சேவல் கூவியதைக் கேட்டு ஜனங்கள் ஓடிப் பார்த்திருக்கிறார்கள். காசம்மாள் என்கிற விதவை கழுத்தளவு தண்ணீரில் இறங்கிப் போய்க் கோழிகளை எல்லாம் கூடையில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறாள். என்னுடையது உன்னுடையது என்று பல பேர் வந்து கேட்டும் அவள் யாருக்கும் தரவில்லையாம்.

செங்கமலம் பாயிலிருந்து எழுந்துவிட்டாள். நடேசன் தடுத்துப் பார்த்தான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விருத்தாம்பாளும் வள்ளியம்மாளும் வெறும் கூடைகளோடு படகில் ஏறி அவளை நடுவில் உட்காரவைத்துக்கொண்டார்கள். அக்கரையில் காவலுக்கு நின்ற சேவகன் பிரெஞ்சுச் சீமைச் சாராயம் ஏதாவது இருக்கிறதா என்று கூடைகளைக் கவிழ்த்துப் பார்த்தான். ஒன்றுமில்லாததைக் கண்டு போகச் சொன்னான்.

காசம்மாளின் குடிசை பனந்தோப்பின் மேட்டில் இருந்தது. ஒல்லியான, நெட்டையான பெண்பிள்ளை. கையில் ஒரு குச்சியோடு வாசலில் நின்றாள். அவளுக்குப் பின்னால் தோப்பு முழுக்கக் கோழிகள். அதோ அந்தச் சிவப்புச் சேவல், அதோ அந்தப் புள்ளிப் பெட்டை என்று செங்கமலத்தின் கண்கள் ஓடின. ஆனால் காசம்மாள் வழி விடவில்லை. இதுவரை வந்தவர்களும் இப்படித்தான் நிறத்தைச் சொல்லிச் சொல்லிக் கேட்டார்கள், தூரத்திலிருந்து பார்த்தாலே நிறம் தெரிகிறதே என்றாள்.

"ஒங்களுதா இருந்தா கூப்புடுங்க. வந்தா எடுத்துட்டுப் போங்க. நான் இன்னா, வச்சிக்கவா போறேன்?"

விருத்தாம்பாள் முதலில் கூப்பிட்டாள். அவளுடைய கோழிகள் தயங்கித் தயங்கி வந்து அவள் காலைச் சுற்றின. வள்ளியம்மாள் எப்போதும் நாக்கைத்தான் தட்டுவாள். அந்தச் சத்தம் கேட்டதும் அவளுடையவை பறந்தே வந்துவிட்டன. காசம்மாள் தலையாட்டிக்கொண்டாள்.

செங்கமலம் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மூச்சை இழுத்து மறுபடியும் முயன்றாள். தொண்டைக்குள் ஏதோ கீச்சென்றது, அவ்வளவுதான். மிச்சமிருந்த கோழிகள் பாட்டுக்கு மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. ஒன்றுகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பத்து விரலாலும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அவள் மூன்றாம் தடவை முயன்றபோது கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. இவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டிருக்கிறது என்று விருத்தாம்பாள் எடுத்துச் சொன்னாள். வருகிறவர்கள் எல்லாருமே ஏதோ ஒன்று சொல்கிறார்கள் என்றாள் காசம்மாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை, அலுப்போடு சொன்னாள்.

வள்ளியம்மாள் கூடையைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி முன்னால் போனாள்.

"பே... பே... பேபேபே... வாங்கடியோவ்."

இந்தத் தடவை மூக்கால் இழுக்கவில்லை. செங்கமலம் எப்படிக் கூப்பிடுவாளோ, அப்படியே இருந்தது. சிவப்புச் சேவல் தலையைத் தூக்கியது. புள்ளிப் பெட்டை சிறகை விரித்துக்கொண்டு ஓடிவந்தது. அதன் பின்னால் பனங்கன்றுகளுக்குள்ளிருந்தும் குடிசைக்குப் பின்னாலிருந்தும் ஒவ்வொன்றாக எல்லாம் வந்தன. வள்ளியம்மாளின் பக்கத்தில் வந்ததும் தயங்கி, அங்கிருந்து விலகி, செங்கமலத்தின் காலடியில் போய் நின்றுகொண்டன.

காசம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "கூப்புட்டது நீ. கோழி போய் நிக்கறது அவகிட்ட. இது இன்னாடி கூத்து?"

"கோழி அவளுதுதாங்க்கா" என்றாள் வள்ளியம்மாள். "நான் பக்கத்து வூடு. தெனமும் கேக்கறவ."

செங்கமலம் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். சேவலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதாள், அழுகையோடு சிரித்தாள். விருத்தாம்பாளும் சிரித்தாள். முதலில் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்ற காசம்மாளும் கடைசியில் குச்சியைப் போட்டுவிட்டு அவர்களோடு வந்து உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகுதான் பேச்சு வந்தது. குஞ்சுகளில் சில வழியிலேயே போய்விட்டனவாம். பெரிய கோழிகள் எல்லாம் தப்பிவிட்டன. தின்னக் கொடுக்க ஒன்றும் இல்லாததால் ஒதுங்கிய போரிலேயே ஒட்டியிருந்த நெல்லைப் பொறுக்கித் தின்று உயிரோடு இருந்திருக்கின்றன. தன் கூண்டு வெள்ளத்தில் போய்விட்டதென்று காசம்மாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அதில் ஒரு கோழியும் மிஞ்சவில்லை. அதை அவள் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. கூடைகளுக்கு மூடி போட்டுக் கட்டுவதற்குப் பனை நார் எடுத்துவந்து கொடுத்தாள். வேண்டாம் வேண்டாம் என்றவளின் கையில் இவர்கள் ஒரு பெட்டையைத் திணிக்கப் பார்த்தார்கள். புதுக் கூண்டே இன்னும் கட்டவில்லை, இப்போது எங்கே வைத்து வளர்ப்பது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் மறுத்துவிட்டாள்.

படகில் திரும்பும்போது கூடைகளுக்குள்ளிருந்து ஓயாத சத்தம். இவ்வளவு கூட்டத்தை இந்தப் படகு கண்டதில்லை என்றார் சூசைநாதன். செங்கமலம் பலகையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். வெள்ளத்துக்குப் பிறகு அன்றுதான் நெஞ்சு நிறைய மூச்சு விட்டாள். கரையில் நடேசன் முழங்கால் தண்ணீரில் நின்று காத்திருந்தான். கூடைகளை ஒவ்வொன்றாக வாங்கிக் கரையில் வைத்தான். கடைசியில் மனைவிக்கும் கை கொடுத்து இறக்கினான்.

தெருவில் கூண்டு எதுவும் மிச்சமில்லை. வள்ளியம்மாளின் சமையற்கட்டுச் சுவர் மட்டும் நின்றிருந்ததால் தை பிறக்கும் வரைக்கும் எல்லாக் கோழிகளும் அங்கேதான் அடைந்தன. காலையில் கதவைத் திறந்துவிட்டதும் கத்தரிப் பாத்தி இருந்த இடத்தை அவை துவம்சம் செய்தன. பாத்தியில் அப்போது சேற்றைத் தவிர வேறொன்றும் இல்லாததால் வள்ளியம்மாள் ஒன்றும் சொல்லவில்லை.

பொங்கல் கழிந்து ஆற்றுத் திருவிழா வந்தது. இரண்டு கரை ஊர்களிலிருந்தும் சாமிகள் ஆற்றுக்கு வர, மணலில் கரும்பும் வள்ளிக்கிழங்கும் குவிந்தன. அந்தக் கூட்டத்தில் காசம்மாளைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். மூன்று பேரும் இன்னும் முட்டையிடத் தொடங்காத விடைக்கோழி ஆளுக்கொன்று கொண்டுபோயிருந்தார்கள். முதலில் எதையும் தொட மாட்டேன் என்றாள். பிறகு குனிந்து ஒவ்வொன்றின் சிறகையும் விரித்துப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், கொண்டையைப் பார்த்தாள். செங்கமலம் கொண்டுவந்த விடைக்கோழி கொஞ்சம் மெலிந்திருக்கிறதே என்றாள். வெள்ளத்துக்குப் பிறகு பொரித்தது, இனிமேல்தான் தேறும் என்றாள் செங்கமலம். தேறட்டும் என்று சொல்லிக் காசம்மாள் அதைத்தான் முதலில் எடுத்து இடுக்கிக்கொண்டாள்.