லாம் காத்தவர்

“ஒரே ஒரு ‘லாம்’ குறையட்டும், பார்த்துக்கறேன்! என் வாயிலயும் சரி, என் பேனாவிலயும் சரி, உசுரு இருக்கிற வரைக்கும் ஒரு லாம் உதிராது. உதிர்க்கிறவன் பல்லு உதிரும்!”

இந்த வீர வசனத்தை அவர் ஒரு மாலைப் பத்திரிகை அலுவலகத்தில், சுழல் நாற்காலி மேல் ஏறி நின்று முழங்கினார். சுழல் நாற்காலி என்பதால் நான்கு திசையிலும் இருந்தவர்களுக்குச் சமமாக முகம் காட்ட முடிந்தது. கையில் ஸ்டீல் ஸ்கேல். சட்டையில் பாதிப் பொத்தான்கள் இல்லை. தரையில் ஒரு பல் கிடந்தது. சபதத்தின் பின்பாதி, முன்பாதியைச் சொல்லத் தொடங்கும் முன்பே நிறைவேறிவிட்டது. சபதங்களின் வரலாற்றில் இது அபூர்வம்.

பல்லுக்கு உரியவர் அந்தப் பத்திரிகையின் மருத்துவச் செய்தியாளர். நோயாளி எழுந்து நடக்காமல் அவர் எந்தச் செய்தியையும் முடித்ததில்லை. காது கேளாதவருக்குச் சிகிச்சை என்றாலும் கடைசி வரியில் அவர் எழுந்து நடந்துவிடுவார். ஆகவே அலுவலகத்தில் செய்தியாளருக்கு ‘எழுந்துநடந்தார்’ என்றே பெயர். நம் நாயகருக்கு ‘லாம் சார்’ என்று பெயர். பதவி, உதவி ஆசிரியர். மருத்துவச் செய்திகள் எல்லாம் அவர் மேசையைத் தாண்டித்தான் அச்சுக்குப் போக வேண்டும். தாண்டிய செய்திகள் பெரும்பாலும் நொண்டிக்கொண்டுதான் போயின.

அன்றைய யுத்தத்துக்குக் காரணம் ஒரு தலைப்பு. “நீரிழிவு குணமாகலாம்” என்று லாம் சார் திருத்திக் கொடுத்திருந்தார். பக்கத்தில் இடம் போதவில்லை என்று அது “நீரிழிவு குணமாகும்” என்று அச்சாகி வந்தது.

“ஒரு எழுத்துதானே சார் போச்சு?” என்றார் எழுந்துநடந்தார்.

அடுத்த நொடியில் லாம் சார் சொன்னார்: “ஒரு பல்லுதானேடா போச்சு?”

அவர் செய்திகளைத் தரம் பார்க்கும் முறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மற்ற ஆசிரியர்கள் கண்ணால் பார்ப்பார்கள். இவர் கையாலும் பார்ப்பார். எழுந்துநடந்தார் செய்தியோடு வந்து நின்றதும், முதலில் அவருடைய சட்டையை முகர்வார். மருத்துவமனைக்காரர்கள் கொடுத்த விருந்தின் வாசனை வந்தால், ஸ்கேலால் முழங்கையில் ஒன்று விழும். பிறகுதான் விசாரணை.

“மூணு பேர்ல ரெண்டு பேருக்கு சரியாச்சுன்னு எழுதியிருக்கே. மொத்தம் எத்தனை பேருக்கு மருந்து கொடுத்தாங்க?”

“மூணு பேருக்கு சார்.”

“மூணாவது ஆள் என்ன ஆனார்?”

“போன் எடுக்கல சார்.”

இதற்கு முதுகில் ஒன்று.

“சாகுற ஆபத்து பாதியாக் குறையுதுங்கறே. எதுல பாதி? பத்துப் பேர்ல ரெண்டு பேர் செத்தது ஒருத்தரா ஆச்சா, பத்தாயிரம் பேர்ல ரெண்டு பேர் செத்தது ஒருத்தரா ஆச்சா?”

“பாதின்னுதான் சார் அவங்க சொன்னாங்க.”

“அப்போ உனக்கும் பாதிதான்” என்று ஒரு கன்னத்தில் மட்டும் அறைவார். கணக்கில் நேர்மையானவர். ஒருமுறை, பரிசோதனை நடந்தது எலிகள்மேல் என்று தெரிந்தபோது, “எலிக்குச் சரியாச்சுன்னா எலிங்க படிக்கிற பேப்பர்ல போடு” என்று மேசையில் இருந்த கண்ணாடிக் குண்டை வீசினார். எழுந்துநடந்தார் குனிந்தார். பின்னால் இருந்த ஆசிரியர் குனியவில்லை. அன்று முதல் ஆசிரியரின் நெற்றியில் ஒரு தழும்பு. ஆனாலும் அவர் லாம் சாரை வேலையைவிட்டு அனுப்பவில்லை. “நம்ம பேப்பர்ல ஒருத்தர் உதைச்சு உதைச்சு சரிபார்க்கிறார்னு வெளிய தெரியும். அது நமக்கு நல்ல பேரு” என்பார், தழும்பைத் தடவிக்கொண்டே.

அடிபட்டவருக்கும் ஒரு நியாயம் இருந்தது. பல் போன பிற்பகலில், பஞ்சைக் கடித்தபடி எழுந்துநடந்தார் சொன்னார்:

“பேனா கையில இருந்தா யாரும் லாம் போடலாம் சார். படுக்கையில கிடக்கிறவன் மூஞ்சியப் பார்த்து ஒரு தடவை போட்டுப் பாருங்க.”

“நூறு தடவை போடுவேன்டா!”

வீட்டில் லாம் சார் அந்த வீரத்தைப் பயிற்சி செய்து வந்தார். சாப்பாடு எப்படி என்று மனைவி கேட்டால், “நல்லா இருக்கலாம். ஒரு வாய்தானே சாப்பிட்டிருக்கேன்” என்பார். ஒருநாள் அதற்குப் பதிலாகக் கரண்டி பறந்து வந்தது. புருவத்தில் தையல் போட்ட டாக்டர், தழும்பு மறைந்துவிடும் என்றார். “மறையலாம்னு சொல்லுங்க” என்று இவர் திருத்த, டாக்டர் கடைசித் தையலை மரத்துப்போகும் ஊசி இல்லாமலே போட்டார்.

மனைவியின் தம்பி ஒரு டயர் கடைக்காரன். தோள் கதவு அகலம், மனசு குழந்தை. அவன் திருமணத்தில் மணமக்கள் வந்து வணங்கியபோது, லாம் சார் இருவர் தலையிலும் கைவைத்து, “நீங்க நல்லா வாழலாம்” என்று வாழ்த்தினார்.

“வாழலாமா? என்ன இழுக்கறீங்க?” என்று பெண்ணின் அப்பா சட்டையைப் பிடித்தார்.

“எத்தனையோ ஜோடி வாழுது. எத்தனையோ ஜோடி வாழல. நான் எப்படி உறுதியாச் சொல்ல முடியும்?”

பிறகு நாற்காலிகள் பேசின. மாப்பிள்ளை தன் மாமனாரை ஒரு கையிலும் அக்கா புருஷனை மறு கையிலும் தூக்கிப் பிடித்து விலக்கி வைத்தான். “எங்க மாமா அப்படித்தான். பொய் சொல்ல வராது” என்று மண்டபத்துக்கே பெருமையாகச் சொன்னான். உலகத்தில் லாம் சாரை அப்படியே நம்பிய ஒரே ஜீவன் அவன்தான்.

அந்த ஜீவன்மேல்தான் ஒரு லாரி டயர் வெடித்தது.

காற்று ஏற்றிக்கொண்டிருந்தான். ரிம்மின் வளையம் தெறித்து, அவ்வளவு பெரிய ஆளைத் தூக்கிச் சுவரில் அறைந்தது. சுவரில் மாட்டியிருந்த ஜாக்கி, ஸ்பேனர் எல்லாம் அவன்மேல் கொட்டின. ஓடி வந்தவர்கள் தூக்கியபோது இடுப்புக்குக் கீழே இரண்டு கால்களும் ஈரத்துணிபோலத் தொங்கின. தெருக்கோடிவரை கேட்ட வெடிச்சத்தம் தன் காதில் விழவே இல்லை என்று அவன் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அரசு மருத்துவமனையின் டாக்டரம்மா படங்களைப் பார்த்துவிட்டு வராந்தாவுக்கு வந்தார். “முதுகெலும்பு நொறுங்கி நரம்பை அழுத்துது. நாளைக்குக் காலையிலேயே ஆபரேஷன் பண்ணணும். பண்ணா நடக்கலாம். நடக்காமலும் போகலாம். இந்த மாதிரி அடிபட்டவங்கள்ல நடக்காதவங்கதான் அதிகம். தள்ளிப் போட்டா இருக்கிற வாய்ப்பும் போயிடும்.”

தன் வாழ்நாளில் முதல்முறையாக, கேட்காமலே ஒருவர் லாம் போட்டதைக் கேட்டார் லாம் சார். கும்பிடத் தோன்றியது. கை எழவில்லை.

அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. அவர் மேசை காலியாக இருந்தது. காலி மேசையைத் தாண்டி ஒரு செய்தி துள்ளிக் குதித்துப் போயிற்று. மாலையில் வார்டுக்குள் பத்திரிகை வந்தபோது முதல் பக்கத்தில் கொட்டை எழுத்து: “முதுகில் ஒரே ஊசி! முடங்கியவர் எழுந்து நடந்தார்!” கீழே ஒரு தனியார் மருத்துவமனையின் பெயர். கடைசிப் பக்கம் முழுக்க அதே மருத்துவமனையின் விளம்பரம்.

மைத்துனன் மல்லாந்து படுத்தபடி அதை எழுத்துக்கூட்டிப் படித்தான்.

“மாமா, எனக்கு ஆபரேஷன் வேணாம். நாளைக்கு இந்த ஊசிக்குப் போறேன்.”

“டேய் மாப்ளே, அது பொய்யிடா.”

“உங்க பேப்பர் மாமா! நீங்க பார்க்காம ஒரு வரி வராதுன்னு நீங்கதானே சொல்வீங்க?”

லாம் சாருக்கு வாழ்க்கையில் எத்தனையோ அடிகள் விழுந்திருக்கின்றன. இது வேறு மாதிரி விழுந்தது. தன் பெருமையே அந்தப் பொய்க்கு முத்திரை குத்தியிருப்பதைப் பார்த்தார். மனைவி பக்கத்தில் நின்று, “ஏங்க, நம்பிக்கையாப் போட்டிருக்காங்களே, போய்ப் பார்த்தா என்ன?” என்றார். தம்பியின் அசையாத பாதத்தை அவர் கை தடவிக்கொண்டே இருந்தது.

லாம் சார் நேராக அலுவலகத்துக்குப் போனார். எழுந்துநடந்தாரின் காலரைப் பிடித்துத் தண்ணீர் கேனோடு சேர்த்து இடித்தார். கேன் உடைந்தது.

“எத்தனை பேருக்குடா ஊசி போட்டாங்க?”

“ஒருத்தருக்கு சார்.”

“நடந்தானா?”

“நடந்தார் சார்! என் கண்ணால பார்த்தேன்!”

“ஊசிக்கு முன்னாடி அவன் முடங்கிக் கிடந்ததையும் கண்ணால பார்த்தியா?”

தண்ணீர் சொட்டச் சொட்ட எழுந்துநடந்தார் யோசித்தார். “இல்ல சார். முன்னாடி முடங்கியிருந்தார்னு அவங்க சொன்னாங்க.”

அவரை அதே காலரோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அந்த மருத்துவமனைக்குப் போனார் லாம் சார். குளுகுளு வரவேற்பறையில் மேலாளரிடம் அந்த ஆளைக் காட்டச் சொன்னார். “நோயாளி விவரம் தர முடியாது, வெளிய போங்க” என்றார் மேலாளர். லாம் சார் வரவேற்பு மேசையின் கண்ணாடியைப் பெயர்த்துத் தரையில் போட்டார். “செக்யூரிட்டி!” என்று மேலாளர் கத்தினார்.

வாசலிலிருந்து சீருடையில் ஒரு ஆள் பாய்ந்து வந்தான்.

“சார்!” என்று அலறினார் எழுந்துநடந்தார். “இவர்தான் சார்! இவர்தான் எழுந்து நடந்தவர்!”

எழுந்து நடந்தவர் ஓடவும் செய்தார். ஓடி வந்த வேகத்தில் எகிறி லாம் சாரின் விலாவில் உதைத்தார். லாம் சார் கீழே விழுந்ததும் இடது காலால் ஒன்று, வலது காலால் ஒன்று என்று மாற்றி மாற்றி உதைத்தார். முடங்கியிருந்ததாகச் சொல்லப்பட்ட அந்தக் கால்கள் எவ்வளவு சிறப்பாக இயங்கின என்பதற்கு உடைந்த விலா எலும்புகள் அத்தாட்சி. மருத்துவச் செய்தி ஒன்று இவ்வளவு நெருக்கமாகச் சரிபார்க்கப்பட்டது அதற்கு முன்பு நடந்ததில்லை. லாம் சார் ரத்தம் துப்பியபடி, “ரெண்டு காலும்... எழுதிக்கோடா” என்றார்.

எழுந்துநடந்தார் எழுதவில்லை. சுவரில் இருந்த தீயணைப்பு உருளையைக் கழற்றி, தன் செய்தியின் நாயகன் முழங்காலில் ஓங்கி அடித்தார். முடங்கியவர் அப்போதுதான் உண்மையாக முடங்கினார். பிறகு எழுந்துநடந்தார் லாம் சாரைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே ஓடினார். ஆட்டோவில் பல் இல்லாதவரின் மூச்சு விசில் அடித்தது. விலா உடைந்தவரின் மூச்சு பாதியில் நின்று நின்று வந்தது.

காலையில், நெஞ்சைச் சுற்றிக் கட்டு, கிழிந்த உதட்டில் மருந்து என்று லாம் சார் வார்டுக்குள் வந்தார். கூடவே எழுந்துநடந்தார். கட்டிலருகே ஸ்ட்ரெச்சரோடு ஆட்கள் நின்றார்கள். டாக்டரம்மா கையில் சம்மதத் தாள். மைத்துனன் கையெழுத்துப் போட மறுத்துக்கொண்டிருந்தான்.

“மாப்ளே, அந்த நடந்த ஆள் அங்க செக்யூரிட்டிடா. நேரா பார்த்துட்டு வர்றேன். என் நெஞ்சப் பாரு.”

“நீங்க எதைத்தான் மாமா நம்பியிருக்கீங்க? என் கல்யாணத்தையே நம்பல.” அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் மோசமாக இருந்தது. “அங்க நடப்பேங்கறாங்க. இங்க நடக்கலாங்கறாங்க. லாமுக்காக முதுகக் கிழிச்சுக்கச் சொல்றீங்களா?”

எழுந்துநடந்தார் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா தன் புருஷன் வாயையே பார்த்தார்.

மைத்துனன் சுவர்ப்பக்கம் திரும்பப் பார்த்தான். இடுப்பு ஒத்துழைக்கவில்லை. அந்த அகலத் தோள்கள் மட்டும் திரும்பி, பாதியில் நின்று, மறுபடி மல்லாந்தன.

“டாக்டர் சொன்னது வேணாம் மாமா. பேப்பர்ல வந்ததும் வேணாம். நீங்க சொல்லுங்க. இத பண்ணிக்கிட்டா நடப்பேனா?”

லாம் சார் கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். நடக்காதவர்கள்தான் அதிகம் என்பது அவருக்குத் தெரியும். உதடு கிழிந்திருந்ததால் வாய் மெதுவாகத்தான் திறந்தது.

“நடப்பே.”

மைத்துனன் காத்திருந்தான், பின்னால் வால் ஏதாவது வருமா என்று. மின்விசிறி சுற்றியது. வால் வரவில்லை.

“எங்க கையெழுத்துப் போடணும்?” என்று அவன் டாக்டரம்மாவிடம் கையை நீட்டினான்.