எண்ணூறு மீற்றரில் ஆறு விநாடி

கேள்வித்தாளோடு வீடு வீடாகத் திரிகிற வேலை, வெயிலுக்கும் நாய்க்கும் அஞ்சாதவனைக்கூடப் பொறாமைக்காரனாக்கிவிடும். அந்த வேலை பார்த்தவர்கள் யாராவது இதை வாசித்தால் கட்டாயம் தலையாட்டுவீர்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி. பல்கலைக்கழகம் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. எங்கள் விரிவுரையாளர் ஓர் ஆய்வு தொடங்கியிருந்தார். மாணவர்கள் கிழமைக்கு எத்தனை நாள் ஓடுகிறார்கள் என்பதல்ல அவருக்கு வேண்டியது. 'நான் எப்படிப்பட்ட ஆள்?' என்று ஒரு மாணவன் தன்னையே கேட்டால், வருகிற பதிலில் உடற்பயிற்சிக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளக்க வேண்டும். தாளில் ஒன்பது வசனங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒன்றிலிருந்து ஏழு வரை எண்கள். ஒன்று என்றால் 'இல்லவே இல்லை', ஏழு என்றால் 'முழுக்க ஓம்'. பென்சிலால் வட்டமிட்டால் சரி.

வளாகம் மூடிக்கிடந்ததால் மாணவர்களை ஊரூராகத் தேடிப் போனோம். தீவுப்பகுதிக்கு நானும் யூஜினும். இருவருக்கும் தற்காலிக நியமனம். வருஷ முடிவில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்வார்கள். யூஜின் ஊர்காவற்றுறைக்காரன், காலையில் ஓடி, பின்னேரம் பந்தடிக்கிறவன், தீவுப் பெடியங்களுக்கெல்லாம் பழக்கமானவன். நானும் பள்ளிக்கூட நாளில் எண்ணூறு மீற்றர் ஓடினவன்தான். கடைசி வருஷம் முழங்கால் போனது, அதோடு ஓட்டமும் போனது.

விட்டவனும் விட்டவனும்

புங்குடுதீவில் ஒரு கலைப்பீட மாணவன். 'உடற்பயிற்சி செய்யாத நாளில் எதையோ இழந்ததுபோல உணர்கிறேன்' என்ற வசனத்துக்கு வந்ததும் பென்சிலைக் கடித்தான். "முந்தி ஒவ்வொரு நாளும் விடியக்காலமை ஓடுறனான் அண்ணை. இப்ப ஆறு மாசமா விட்டிட்டன்" என்று சொல்லிவிட்டு, ஏழைச் சுற்றி அழுத்தமாக வட்டம் போட்டான். எனக்குச் சுருக்கென்றது. நான் விட்டு ஒன்பது வருஷம். இழந்ததுபோல இருக்கிறதா என்று என்னை யாரும் கேட்டதில்லை. கேட்டாலும் இவனைப்போல ஓர் எண்ணைச் சட்டென்று தொட என்னால் ஏலாது.

"ஏன் விட்டனீர்?" என்று கேட்டேன். அவன் வாய் திறக்குமுன், தேத்தண்ணி கொண்டுவந்த தாய் சொன்னார்: "இந்தக் காலத்திலை இளந்தாரிப் பெடியன் ஓடினால் ஆரோ கலைச்சுத் துரத்துறாங்கள் எண்டுதான் தம்பி சனம் நினைக்கும். பிறகு சனமும் சேந்து ஓடத் தொடங்கியிடும்."

யூஜின் அண்ணை வரேல்லையோ?

நயினாதீவுக்கு லோஞ்ச் என்கிற மோட்டார்ப் படகில் போய் இறங்கினேன். அங்கே ஐந்து பேரைப் பார்க்க வேண்டும். நான்கு பேர் முதலில் கேட்ட கேள்வி, "யூஜின் அண்ணை வரேல்லையோ?" என்பதுதான். ஐந்தாவது, ஒரு மருத்துவபீட மாணவி. அறைக் கதவைப் பூட்டிவிட்டு நாள்தோறும் கயிறடித்துத் துள்ளுகிறவள் என்று அவளுடைய தமையனே சொன்னான். தாளில் எல்லாவற்றுக்கும் நான்கு, நான்கு, நான்கு என்று நடுவில் வட்டமிட்டுத் தந்தாள். நாலு என்றால் ஆளைக் கழற்றிவிடுகிற பதில். இந்த வேலை செய்தவர்களுக்குத் தெரியும். உண்மையாகவே யோசித்துத்தான் போட்டீரா என்று கேட்டேன்.

அவள் கோபிக்கவில்லை. "நீங்கள் கேக்கிற விதத்திலை சோதனை மண்டபத்திலை இருக்கிற மாதிரிக் கிடக்கு. யூஜின் அண்ணை எண்டால் முதலிலை தான் ஓடுற கதையைச் சொல்லுவார், பிறகுதான் எங்களைக் கேப்பார். உங்களுக்குச் சொல்ல ஒரு கதையும் இல்லையோ அண்ணை?"

ஆறு விநாடி

அந்தக் கேள்வி நெஞ்சில் கிடக்க, அடுத்த கிழமை நெடுந்தீவுக்குப் போனேன். குலம் என்று ஒரு விஞ்ஞானபீட மாணவன், இரண்டாம் வருஷம். ஒன்பது வசனத்துக்கும் ஒன்பது ஏழு போட்டான். 'நான் ஓர் உடற்பயிற்சிக்காரன் என்றே என்னை எண்ணுகிறேன்' என்ற முதல் வசனத்துக்கு இரண்டு வட்டம், ஒன்றன்மேல் ஒன்று. என்ன ஓடுகிறீர் என்று கேட்டேன். "எண்ணூறு" என்றான். வளாகம் திறந்ததும் பல்கலைக்கழக ஓட்ட அணிக்குத் தெரிவு நடக்கும், நல்ல நேரம் வந்தால்தான் பேர் கொடுப்பான், ஆனால் ஊரில் நேரம் பார்க்க ஆளில்லை என்றான். என் கைமணிக்கூட்டில் விநாடி முள் இருந்தது. தாளை மடித்துப் பென்சிலோடு காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னோடு வந்தான்.

பள்ளிக்கூட மைதானம், நாலு சுற்று. வெறுங்காலோடு ஓடினான். மூன்றாவது சுற்றில் எனக்கு எப்போதும் மூச்சு அறும். அவன் அந்த இடத்தில்தான் வேகம் எடுத்தான். எல்லையைக் கடந்தபோது முள்ளைப் பார்த்தேன். என் வாழ்நாளில் நான் ஓடிய மிகச் சிறந்த நேரத்தைவிட நாலு விநாடி குறைவு. முழங்காலில் கைவைத்துக் குனிந்து நின்று, "எவ்வளவு அண்ணை?" என்றான். நான் ஆறு விநாடி கூட்டிச் சொன்னேன். அப்படிச் சொன்னால்தான் அவன் என்னைவிட இரண்டு விநாடி பின்னால் நிற்பான்.

அவன் முகம் விழுந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் திருத்தவில்லை. பையிலிருந்து தாளை எடுத்து விரித்தான். பென்சிலின் பின்னாலிருந்த ரப்பரால் முதல் வசனத்தின் ஏழை அழித்துவிட்டு மூன்றில் வட்டம் போட்டுத் தந்தான். "நான் ஏதோ என்னைப் பெரிய ஆள் எண்டு நினைச்சுக்கொண்டிருந்திட்டன் அண்ணை."

அழித்த வட்டம்

அலுவலகத்தில் தாள்களைப் புரட்டிக்கொண்டு வந்த விரிவுரையாளர் குலத்தின் தாளில் நின்றார். "மற்ற எட்டும் ஏழு. இது மட்டும் ஏன் அழிச்சு மூண்டு?" பக்கத்து மேசையில், அணித் தெரிவையும் பொறுப்பெடுத்திருந்த யூஜின் வந்த பேர்களை எழுதிக்கொண்டிருந்தான். "நெடுந்தீவுப் பெடியன் ஒருத்தன் நல்லா ஓடுவானாம் சேர், அவன்தான் இன்னும் பேர் தரேல்லை" என்றான், யாரையும் குறிவைக்காமல்.

யூஜின் தேத்தண்ணிக்குப் போகும்வரை பொறுத்திருந்து விரிவுரையாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அவர் சத்தம் போடவில்லை. தாளை மடித்துத் தனியாக வைத்தார். "இதைக் கணக்கிலை சேர்க்காமல் விட எனக்கு ஒரு நிமிஷம் காணும். அந்தப் பெடியனை நீர் என்ன செய்யப்போறீர்?"

திரும்பவும் நெடுந்தீவு

அடுத்த நாளே லோஞ்ச் எடுத்தேன். கடல் கொந்தளிப்பு, இரண்டு தரம் வாந்தி எடுத்தேன். குலம் கிணற்றடியில் மாட்டுக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டு நின்றான். சுற்றிவளைக்காமல் சொன்னேன். வாளியைக் கீழே வைத்தான். "ஏன் அண்ணை?" என்றான். "எரிச்சல். நீர் என்னை வெண்டிட்டீர், எனக்கு அது பொறுக்கேலாமப் போச்சு" என்றேன். அவன் திட்டினால் சுகமாக இருந்திருக்கும். அவன் உள்ளே போய்விட்டான்.

திரும்பி வந்தபோது தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தான். பள்ளிக்கூடத்தில் ஏ.எல். படிக்கிற பிள்ளை. மூவரும் மைதானத்துக்கு நடந்தோம். நான் முன்போல மணிக்கூட்டைக் கழற்றிக் கையில் பிடித்தேன். குலம் கோட்டில் நின்றபடி என்னைப் பார்த்தான். "மணிக்கூட்டைத் தங்கச்சியிட்டைக் குடுங்கோ அண்ணை."

அன்று அவன் முதல் ஓட்டத்தைவிட ஒரு விநாடி குறைவாக ஓடினான். அணியிலும் சேர்ந்தான், தெரிவன்று நேரம் பார்த்தது யூஜின், நான் வேலிக்கரையில் நின்றேன். வருஷ முடிவில் நிரந்தர வேலையும் யூஜினுக்கே போனது, அது சரிதான். அந்த இரண்டாம் ஓட்டத்துக்குப் பிறகு குலத்திடம் ஒரு புதுத் தாள் நீட்டினேன். முதல் வசனத்துக்கு அவன் ஆறு போட்டான். ஏழு திரும்பி வரவில்லை.

பொறாமைக்காரனை எந்த வேலைக்கும் வைக்கலாம், அடுத்தவன் ஓடும்போது நேரம் பார்க்கிற வேலைக்கு மட்டும் வைத்துவிடாதீர்கள்.