கருப்பு அட்டைக்காக விழுந்த அடி

என் இடது காது ஒரு வெள்ளக்காரன் டிரம்முக்காகப் போச்சு. சொன்னா சிரிக்கிறானுங்க. சிரிங்கடா, போனது உங்க காதா?

எழுபதுகளோட கடைசி. பழவேற்காடு ஏரிக்கரையில, தோணிரேவுல எங்க செட்டு அஞ்சாறு பேரு. காலையில வலைய ஒணத்திட்டு, கவுத்துப் போட்ட படகு மேல உக்காந்து டேப்ரிக்கார்டர் கேப்போம். அது எங்க கூட்டாளி ஒருத்தனோடது, பழவேற்காட்டு பாய். அவங்க அண்ணன் துபாய்லேருந்து அனுப்பினது, கூடவே ரெண்டு இங்கிலீஷ் கேசட்டு. ஒண்ணு செவப்பு அட்டை, ஒண்ணு கருப்பு அட்டை. அந்தப் பாட்டுக் குழுங்க பேரு எவன் வாயிலயும் நுழையல, அதனால செவப்பு, கருப்புன்னே சொல்லிக்கினோம். ஒரு வார்த்தை புரியாது. ஆனா செவப்புல ஒருத்தன் கிட்டார் வாசிப்பான் பாருங்க, அய்யோ, வயித்துக்குள்ள கைய வுட்டுப் பெசையற மாதிரி இருக்கும். நான் செவப்பு.

என் அத்தை மவன் கருப்பு. ரெண்டு பேரும் ஒரே படகு, ஒரே வலை, ஒரே பீடி. ஆனா அவனுக்கு டிரம்முனா உசுரு. "உன் ஆளு கிட்டார அழ வுடறான்டா. என் ஆளு அடிக்கிறான் பாரு"ன்னுவான். "அடிக்கிறானா? தகர டப்பாவுல நண்ட வுட்டா மாதிரி கீது"ன்னுவேன். செட்டே ரெண்டாப் பிரிஞ்சிச்சி. மொதல்ல வாய்ச் சண்டை. அப்புறம் சட்டை கிழிஞ்சிச்சி. அப்புறம் ஒருத்தனுக்குப் பல்லே ஆடிப் போச்சு. பாய் பயந்துட்டான். "இனிமே அடிச்சிக்கினீங்கனா மெஷின தூக்கிக்கினு பூடுவேன்"னான்.

அதுக்கு நாங்க பண்ண ஏற்பாடு தான் வெனையாப் போச்சு. ஏரியில மீன் நல்லா விழற எடத்துக்கு எங்க ஊர்ல சீட்டு குலுக்கி மொறை போடுவாங்க. உன் மொறை அன்னிக்கு நீ தான் வலை போடணும். காத்து மாறினாலும் சரி, காய்ச்சல்ல படுத்தாலும் சரி, போன மொறை போனது தான். மறுநாள் கேக்கக் கூடாது. அதே சட்டத்த டேப்புக்கும் போட்டோம். ஒரு நாள் செவப்பு, ஒரு நாள் கருப்பு. ஏரிக்கு இருக்கற சட்டம் பாட்டுக்கு ஆவுமானு எவனும் யோசிக்கல.

என் மொறை அன்னிக்கு பேட்டரி காலி. கிட்டார் இழுத்து இழுத்து, கடைசில நின்னே போச்சு. மறுநாள் பாய் பொன்னேரிலேருந்து புது பேட்டரி வாங்கியாந்தான். நான் செவப்ப எடுத்துப் போட்டேன். அத்தை மவன் வந்து புடுங்கினான்.

"உன் மொறை நேத்தே பூட்ச்சிடா."

"பேட்டரி செத்துப் போனதுக்கு நான் இன்னாடா பண்ணுவேன்?"

"காத்து செத்தா ஏரி உனக்கு மறுநாள் குடுக்குமா?"

சட்டப்படி அவன் சொன்னது சரி தான். அது தான் எனக்கு வெறி ஏத்திச்சு. மூஞ்சிலயே ஒரு குத்து வுட்டேன். அவன் ஒதடு கிழிஞ்சிச்சி. பக்கத்துல படகு தள்ற கழி கெடந்துச்சு, எடுத்தான். கழி வர்றத நான் பாத்தேன், வெலகத் தான் நேரம் இல்ல. காதுலயே விழுந்துச்சு. குப்புற விழுந்து கெடக்கேன், வாயி பூரா மணலு, கழுத்துல ரத்தம் சூடா எறங்குது. மறுபடியும் ஓங்கினான். பாய் குறுக்க விழலனா அன்னிக்கே எனக்குக் கதை முடிஞ்சிருக்கும்.

இனிமே அந்தக் காது கேக்காதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு.

ஊர் கூடிச்சு. பெரியவங்க அவனக் கேட்டாங்க, "வலை தகராறா, பொம்பள தகராறா?" "டிரம்மு"ன்னான். அவங்களுக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. ஒரு வருசம் இவன் ஏரியில எறங்கக் கூடாதுன்னு எங்க நைனா கத்தினாரு. அடிபட்டவன் நீ இன்னாப்பா சொல்றேன்னு என்னக் கேட்டாங்க.

"அவன் பொழப்புல நீங்க கைய வெக்க வேணா. அவன் காதுல நான் ஒண்ணு வெக்கணும்"னேன்.

அத்தை மாருல அடிச்சிக்கினு அழுதாங்க. பெரியவங்க ரொம்ப நேரம் குசுகுசுன்னு பேசினாங்க. கழி கூடாது, வெறுங்கை, ஒரே அடின்னு முடிவாச்சு.

அவனா எதுத்தாப்புல வந்து நின்னான். இடது காதக் காட்டி, "அடி மச்சான்"னான். ஒடம்புல இருந்த மொத்த பலத்தையும் கைக்கு ஏத்தி ஒண்ணு வுட்டேன். சுருண்டு விழுந்தான். மூக்குலேருந்து ரத்தம் கொட்டிச்சு. எனக்கு எவ்ளோ சந்தோசம் தெரியுமா? இன்னிக்கும் மறைக்க மாட்டேன்.

தட்டுத் தடுமாறி எழுந்தான். தலைய ஒதறிக்கினு என் இடது பக்கத்துல வந்து நின்னான். ஒதடு ஆடுது. எனக்கு ஒண்ணும் காதுல விழல. மறுபடியும் ஆடுது. நான் அவன் ஒதட்டையே பாக்கறேன். அப்ப தான் அவனுக்கு ஒறைச்சிச்சி. சுத்திக்கினு வலது பக்கம் வந்தான்.

"இந்தப் பக்கம் கேக்குதாடா?"

"கேக்குது."

"எனக்கு ரெண்டும் கேக்குதுடா"ன்னான். ஊரு பூரா பாக்க, மண்ணுல உக்காந்து ஓன்னு அழுதான்.

என் கோவம் அந்த எடத்துலயே தீந்துடுச்சு. அது இருந்த வரைக்கும் எனக்குப் பயமே தெரியல. தீந்ததும் தான் பயம் வந்து, கேக்காத காதத் தொட்டுப் பாத்தேன். அவன் எழுந்து நின்னுட்டான். என் காது எழுந்திரிக்காது.